துணைவர் விசா ஆலோசனை நிலையம்: ஆவணத்தில் கவனம், தேதியில் கோட்டைவிட்டார்கள்

என் கணவர் அமெரிக்கக் குடிமகன், டெக்சஸில் வேலை பார்க்கிறார். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் திருமணப் பதிவு 2023 ஆகஸ்ட் 27இல் நடந்தது. குடியேற்ற விசா வேலைகளைத் தனியாகச் செய்யத் துணிவில்லாமல், தேக்காவில் இருக்கும் ஓர் ஆலோசனை நிலையத்திடம் 900 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து ஒப்படைத்தேன். நிலையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

ஆவணங்களைப் பார்ப்பதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே பணிபுரியும் அக்கா ஒருவர், ஒவ்வொரு தாளிலும் வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். இங்குள்ள பல இந்தியர்களைப் போல, என் பிறப்புச் சான்றிதழில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'டி ஓ' (இன்னாரின் மகள்) என்று இருக்கிறது. என்னை அழைத்துக்கொள்ளக் கணவர் அமெரிக்க அரசுக்கு அனுப்பிய ஐ-130 மனுவிலோ அது விடுபட்டு, அப்பாவின் பெயர் குடும்பப் பெயரைப் போல நின்றது. அக்கா அதைப் பென்சிலால் வட்டமிட்டு, டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் சேர்த்தார். நேப்பியர் சாலைத் தூதரகத்தில் அதிகாரி முதலில் கேட்டதே அந்தப் பெயரைப் பற்றித்தான். விளக்கம் கையில் தயாராக இருந்தது. நேர்காணலுக்கு முன் ஆவணங்களைப் பார்க்கும் அமெரிக்கத் தேசிய விசா மையத்துக்குச் செலுத்த வேண்டிய 325 டாலரும் 120 டாலரும், காவல்துறையின் நற்சான்றிதழும் சிக்கலின்றி முடிந்தன.

தேதி விஷயத்தில்தான் கோட்டைவிட்டார்கள். நேர்காணல் 2025 மார்ச் 19இல் என்று ஜனவரி இறுதியில் கடிதம் வந்ததும், தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பிப்ரவரி 5ஆம் தேதியே பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டார்கள். சீக்கிரம் முடிவது நல்லதுதானே என்று நானும் போய் வந்தேன். பொதுவாக மருத்துவப் பரிசோதனை ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்பதையும், விசாவின் காலாவதி நாள் நேர்காணலிலிருந்து அல்லாமல் அந்தப் பரிசோதனையிலிருந்தே எண்ணப்படுகிறது என்பதையும், கடவுச்சீட்டு திரும்பி வந்து அதில் ஆகஸ்ட் 4 என்று பார்த்தபோதுதான் உணர்ந்தேன். குடியேற்ற விசாவுக்கு நீட்டிப்பு கிடையாது. அந்த நாளுக்குள் அமெரிக்காவில் நுழைந்தாக வேண்டும்.

அப்பாவின் தலைத்திவசம் ஆவணியில் வந்தது. எங்கள் இரண்டாம் திருமண நாளும் அதே ஆவணியில்தான். அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தால் ஐஆர்-1 வகையில் பத்தாண்டு கிரீன் கார்டு கிடைக்கும். நிறையாவிட்டால் சிஆர்-1 வகையில் இரண்டாண்டு கார்டுதான், பிறகு நிபந்தனையை நீக்க ஐ-751 மனுவும் 750 டாலர் கட்டணமும். விசாவில் சிஆர்-1 என்றே அச்சாகியிருந்தாலும், கணக்கில் எடுப்பது நுழையும் நாளைத்தான். இரண்டு ஆண்டுகள் நிறைந்த பிறகு நுழைபவர்கள் விமான நிலைய அதிகாரியிடம் அதைச் சொல்லி வகையை மாற்றிக்கொள்ளலாம். மார்ச் 10 வாக்கில் பரிசோதனை செய்திருந்தால் செப்டம்பர் தொடக்கம் வரை எனக்கு நேரம் இருந்திருக்கும். அம்மாவோடு இருந்து திவசத்தை முடித்து, திருமண நாளும் கடந்த பிறகு நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன்.

நடந்தது வேறு. ஜூலை 31இல் டெக்சஸ் போய் இறங்கி, மூன்று வாரத்தில் திவசத்துக்காக மறுபடியும் சிங்கப்பூர் வந்து திரும்பினேன். கார்டு அதற்குள் தபாலில் வரவில்லை என்றாலும், நுழைவு முத்திரை குத்திய விசா ஓராண்டுக்குக் கார்டைப் போலவே செல்லும் என்பதால் போக வரத் தடையில்லை. ஆனால் பயணச்சீட்டுக்கு 2,000 வெள்ளிக்கு மேல் போயிற்று. நிலையத்தில் கேட்டபோது, கடிதம் வந்ததும் பரிசோதனையை முடிப்பதுதான் வழக்கம் என்றார்கள். என்றைக்குக் கிளம்ப நினைக்கிறீர்கள், என்றைக்குத் திருமணம் பதிவானது என்று முதல் நாளே கேட்டிருந்தால் இந்த வழக்கத்தை எனக்காக மாற்றியிருக்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினார்கள் என்பதே என் வருத்தம்.

ஐந்தில் மூன்று மதிப்பெண் தருவேன், மூன்றும் அந்த அக்காவுக்காக. பெயர்க் குழப்பம் உள்ளவர்கள் அவரிடம் தாராளமாகப் போகலாம்; பரிசோதனை நாளை மட்டும் நாள்காட்டியை வைத்து நீங்களே குறித்துக்கொடுங்கள். நேர்காணலே தாமதமாக வேண்டும் என்பவர்கள், விசா மையத்துக்கு ஆவணங்களைப் பொறுமையாக அனுப்பலாம். ஓராண்டு முழுக்கத் தொடர்பில்லாமல் இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

என் ஐ-751 மனுவை 2027 மே மாதம் முதல் அனுப்பலாம். அதற்காகக் கூட்டு வங்கிக் கணக்கின் அறிக்கைகளையும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வருகிறோம்.