நசர்கோய் நீலக்கண் மணி: உலையடியில் வாங்குங்கள்

இஸ்தான்புல்லில் சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும், கண்திருஷ்டி படாமலிருக்க மாட்டும் நீலக்கண் மணிகளில் நிறைய வெறும் பிளாஸ்டிக். கையில் வாங்கியதுமே கனம் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடி மணிதான் வேண்டும் என்றால் இஸ்மிருக்குக் கிழக்கே, கெமால்பாஷா பக்கம் இருக்கும் நசர்கோய் போங்கள். குருதெரே என்று இருந்த ஊர்ப் பெயரை இந்தத் தொழிலுக்காகவே மாற்றிக்கொண்டவர்கள்.

ஊர் நடுவில் வரிசையாக மணிக் கடைகள். அங்கேயே பேரம் முடித்துக் கிளம்பிவிடாதீர்கள், உலை இருக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள். மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய உலையில் பைன் விறகு எரிகிறது. உலை வாய்க்கு ஒருவராக உஸ்தாக்கள், அதாவது கைதேர்ந்த தொழிலாளிகள், உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தவர் உருகிய நீலக் கண்ணாடியைக் கம்பியில் பாகுபோல் இழுத்து இன்னொரு கம்பியில் சுற்றினார். தட்டை இரும்பால் ஒரே அழுத்து. அதன்மேல் வெள்ளை ஒரு சொட்டு, வெளிர்நீலம் ஒரு சொட்டு, கடைசியில் கருவிழி. கம்பியைத் தட்டியதும் மணி கழன்று விழுந்தது. அது சூட்டிலேயே மெல்ல ஆற வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் விரிசல்தான். அந்த அனலில் நின்று பார்த்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொறுக்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே பொடிக் குமிழி, கொஞ்சம் கோணலான வட்டம், ஒன்றுபோல் ஒன்று இல்லாத கண்கள்: கைவேலை என்றால் இப்படித்தான் இருக்கும். நான் எடுத்ததில் கருவிழி ஒரு பக்கம் ஒதுங்கி, யாரையோ ஓரக்கண்ணால் பார்க்கிறது. அதற்காகவே எடுத்தேன்.

குறை என்றால், கட்டிக் கொடுத்த விதம். ஒற்றைத் தாளில் சுருட்டிப் பையில் போட்டார்கள். அறைக்கு வருவதற்குள் ஒரு சின்ன மணி இரண்டாகிவிட்டது. புகார் சொல்லவும் வழியில்லை. மணி உடைந்தால் உங்கள் மேல் விழ இருந்த கண்ணை அது வாங்கிக்கொண்டது, புதிதாக ஒன்று மாட்டுங்கள் என்பதுதான் துருக்கியில் நம்பிக்கை. உடைந்தாலும் வேலை செய்துவிட்டது என்று சொல்லக்கூடிய சரக்கை வேறெங்கும் நான் வாங்கியதில்லை!

திருஷ்டிக்கே மாட்டும் உஸெர்லிக் என்ற செடியின் தோரணமும் பார்த்தேன். அந்தச் செடியின் காய்ந்த காய்களைக் கோத்து, இடையிடையே வண்ணத் துணி வைத்துச் சுவரில் மாட்டுவது. விதையைத் தணலில் போட்டுப் புகை காட்டுவதும் உண்டு. அழகுதான், ஆனால் பயணத்துக்கு ஆகாது, அழுத்தினால் நொறுங்கிவிடும். குழந்தைக்கு என்றால் தோளில் குத்தும் ‘மாஷல்லா’ (இறைவன் நாடியது) என்று எழுதிய ஊசி, சின்ன நீலமணியோடு வருகிறது. பரிசாகக் கொடுக்க எனக்குப் பிடித்தது அதுதான். ஊசி முனை மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

துருக்கி அரசின் மத விவகாரத் துறையான தியானெத், இந்த மணியை அணிவது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று 2021இல் சொன்னது. வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுவரில் மாட்டும் பெரிய வட்டம் வாங்கினால் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். உலை எரியாத நாளில் போனால் வெறும் கடைத்தெருதான், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.