அடிபட்டுக் கழன்ற ரெட்டினா: பக்கிளா, விட்ரெக்டமியா?

பந்து பட்டோ பட்டாசு வெடித்தோ ரெட்டினா (கண்ணின் உள்ளே பின்பக்கம் ஒளியை உணரும் மெல்லிய திரை) கழன்றுவிட்டால் ஒட்டவைக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, கண்ணுக்கு வெளியே வெள்ளைச் சுவரின் மேல் சிலிக்கான் பட்டை தைக்கும் பக்கிள். இன்னொன்று, கண்ணுக்குள் போய், அதை நிரப்பியிருக்கும் ஜெல்லை வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி. பக்கிள் பழைய முறை என்று ஒதுக்குபவர்கள் உண்டு, அது தவறு. ரெட்டினாவில் கிழிசல் எங்கே, ஜெல் எப்படி இருக்கிறது, கண்சுவர் திறந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

தெரு கிரிக்கெட்டில் பந்து பட்ட பையனின் கண்ணில் ரெட்டினா பெரும்பாலும் அதன் ஓரத்திலேயே பிய்ந்துகொள்ளும். இதற்கு டயாலிசிஸ் என்று பெயர் (சிறுநீரக டயாலிசிஸ் வேறு). சிறுவயதில் ஜெல் கெட்டியாக இருப்பதால் கிழிசல் வழியே ரெட்டினாவுக்கு அடியில் நீர் மெதுவாகத்தான் பரவும். பார்வை குறைவது மாதங்கள் கழித்துத் தெரியவரும். இதற்கு பக்கிள்தான் பொருத்தம். கண் தசைகளை நூலில் பிடித்து, கிழிசலின் இடத்தை வெளியே குறித்து, கிரையோ என்ற கடுங்குளிர்க் கருவியால் உறையவைத்து, அதன் மேல் பட்டையைத் தைக்கிறார்கள். சொந்த லென்ஸ் தப்பும். விட்ரெக்டமிக்குப் பின் போலக் குப்புறப் படுக்கும் வேலையும் பெரும்பாலும் இல்லை. அதே கண்ணில் விட்ரெக்டமி செய்தால், ரெட்டினாவோடு ஒட்டிக்கிடக்கும் ஜெல்லை இழுக்கும்போதே புதுக் கிழிசல் விழலாம். பக்கிளிலும் குறைகள் உண்டு: சுற்றுப்பட்டை கண்ணை நீளமாக்கிக் கிட்டப்பார்வையைக் கூட்டும், சிலருக்கு இரட்டைப் பார்வை வரும், ஊசி ஆழமாக இறங்கினால் ரெட்டினாவையே துளைக்கும்.

உள்ளே ரத்தம் மறைத்தால், கிழிசல் பின்பக்கம் இருந்தால், தழும்புச் சவ்வு ரெட்டினாவைச் சுருக்கியிருந்தால் விட்ரெக்டமிதான் வழி. கண்சுவர் கிழிந்திருந்தால் முதலில் காயத்தைத் தைத்து மூடுவார்கள். விட்ரெக்டமி பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள். அதற்குள் உறைந்த ரத்தம் இளகும், ஜெல்லும் பிரிய ஆரம்பிக்கும். அதற்குமேல் தள்ளினால் தழும்பு முந்திக்கொள்ளும். கிருமி புகுந்திருந்தால் இந்தக் காத்திருப்பு கிடையாது. அம்பத்தூர் லேத் பட்டறையில் இரும்புத்துகள் பாய்ந்த கண்ணுக்கு சிடி ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ-யின் காந்தம் துகளை உள்ளேயே நகர்த்திவிடும்.

விட்ரெக்டமி முடிவில் ரெட்டினாவை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் நிரப்புவது கேஸா, சிலிக்கான் ஆயிலா என்பதில்தான் நோயாளியின் வாழ்க்கை நிலவரம் பேச வேண்டும். எஸ்எஃப்6 கேஸ் சுமார் 2 வாரம், சி3எஃப்8 சுமார் 6 முதல் 8 வாரம் தங்கித் தானே கரையும். அதுவரை விமானம் கூடாது, ஊட்டி கொடைக்கானல் ஏறவும் கூடாது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் கேஸ் விரிந்து கண் அழுத்தம் எகிறி பார்வை நரம்பைக் கெடுக்கும். வேறு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்; அதுவும் கண்ணிலுள்ள கேஸை விரியவைக்கும். அந்தமானிலிருந்து சென்னைக்கு வந்து விமானத்தில் திரும்ப வேண்டியவருக்கும், சொன்னபடி படுக்க முடியாத குழந்தைக்கும் ஆயிலே நல்லது.

ஆனால் ஆயில் தானாகக் கரையாது. வழக்கமாக 3 முதல் 6 மாதத்தில் இன்னொரு ஆபரேஷனில் எடுக்க வேண்டும். பலர் பார்வை ஓரளவு வந்ததும் திரும்பி வருவதில்லை. அதற்குள் ஆயில் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து கண் அழுத்தத்தை ஏற்றி, கருவிழியையும் மங்கவைத்துவிடும். எடுத்த பிறகு ரெட்டினா மறுபடி கழலவும் கூடும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையானாலும் தனியாரானாலும், முதல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதே ஆயில் எடுக்கும் மாதத்தையும் அதன் செலவையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.