பூம்பாறையில் வாங்கிய விதைப்பூண்டு எப்படி?

போன நவம்பரில் பூம்பாறையில் ஒரு சாலையோரக் கடையில் விதைக்காக அரைக் கிலோ மலைப்பூண்டு வாங்கினேன், 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே கொடைக்கானல் பூண்டுதான். இங்கேயே வீட்டுக்குப் பின்னால் ரெண்டு பாத்தியில் ஊன்றினேன். பத்துப் பதினைந்து பல் உள்ளே சொத்தை, கடையில் பார்த்துப் போட்டிருக்கலாம். மற்றதெல்லாம் நன்றாக முளைத்தது.

மார்ச் கடைசியில் அடி இலைகள் காய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தாளோடு பிடுங்கினேன். கழுவவே கூடாது, மண்ணை விரலால் தட்டிவிட்டால் போதும். வெயிலிலும் போடாமல் பத்துப் பத்தாகக் கட்டி விறகடுப்புக்கு மேலே உத்திரத்தில் தொங்கவிட்டேன், மலையில் பூண்டைப் புகை காட்டித்தான் வைப்பார்கள். மூன்று வாரத்தில் கழுத்து நன்றாகச் சுருங்கி, மேல்தோல் தொட்டாலே காகிதம் மாதிரி சரசரத்தது. அப்புறம்தான் தாளை அறுத்தேன்.

ரசத்துக்கு நாலு பல் தட்டிப் போடும் இடத்தில் ரெண்டு போதும், காரமும் வாசனையும் அப்படி! ஜூலை வரைக்கும் ஒன்றுகூட முளைவிடவில்லை. அடுத்த போகத்துக்கும் அந்தக் கடைக்குத்தான் போவேன், ஆனால் ஒவ்வொரு பூண்டாக அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன்.