பீஃப் ஸ்டிர் ஃப்ரை: இரும்பு வாணலியா, நான்ஸ்டிக்கா?

எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. நான்ஸ்டிக் இப்போது முட்டைக்கு மட்டும்தான் அடுப்பேறுகிறது. நான் எந்தக் கட்சி என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

நான்ஸ்டிக்கின் வசதி தெரிந்ததுதான்: ஒட்டாது, துடைத்தால் வேலை முடிந்தது. ஆனால் மாட்டுக்கறியைப் பெரிய தீயில் சட்டென்று வதக்கும் இந்தச் சமையலுக்கு வாணலி லேசாகப் புகைகிற சூடு வேண்டும். நான்ஸ்டிக் பூச்சோ 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். பயந்து தீயைக் குறைத்தேன். அரை கிலோ கறியும் தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் கொதித்துக் கிடந்தது.

கனமான இரும்பு, வாங்கிய சூட்டைச் சட்டென்று விடாது. அதற்காக அதிலும் மொத்தமாகக் கொட்டக் கூடாது. கால் கிலோவாக இரண்டு தடவை போடுங்கள். அண்டர்கட் (முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மிருதுவான கறி) கிடைத்தால் யோகம். நான் பெரும்பாலும் தொடைக்கறிதான் வாங்குகிறேன். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கறி இறுகி, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்க வரும். கால் கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா பிசறி, 15 நிமிடம் கழித்து அலசிப் பிழிந்து, சோயா சாஸும் சோள மாவும் சேர்க்கலாம். வாணலியில் பரப்பியதும் அரை நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். ஓரம் பழுப்பேறினால் கறி தானாகவே வாணலியை விட்டு வரும்.

எல்லோரும் இரும்பைக் கண்டு ஓடுவது பராமரிப்புக்குப் பயந்துதான். நானும் ஒருநாள் ராத்திரி ஊறப்போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் வாணலி முழுக்கச் செம்மண் நிறம். கம்பி நாரால் தேய்த்து, தீயில் காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகை அடங்கும்வரை சூடாக்கினேன். நான்கு முறை இப்படிச் செய்ததும், எண்ணெய் சூட்டில் இறுகி உண்டாகும் கறுப்புப் படலம் திரும்பிவிட்டது. நான்ஸ்டிக்கில் பூச்சு உரிந்தால் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. இரும்பில் ஒவ்வொரு வறுவலும் அந்தக் கறுப்புப் படலத்தைக் கெட்டியாக்குகிறது. தினமும் செய்வது இரண்டு நிமிட வேலை: வெந்நீரில் கழுவி, அடுப்பில் ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய். வினிகர், தக்காளி மட்டும் அதில் கொதிக்க வேண்டாம், படலம் போய்விடும். எலுமிச்சையைத் தட்டில் பிழிந்துகொள்ளலாம்.

இதெல்லாம் கேஸ் அடுப்புக் கணக்கு. இண்டக்‌ஷனில் இரண்டே முறைதான் செய்திருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் வாங்கும்முன் கடையிலேயே ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். அப்புறம், ஒரே ஆளுக்கு 150 கிராம் கறிதான் என்றால் நான்ஸ்டிக்கிலேயே பரப்பிப் போட்டுச் சமாளித்துவிடலாம்.