யூபிஎஸ் வாங்கும் முன் உள்ளே இருக்கும் பேட்டரியின் தேதியைப் பாருங்கள்

வீட்டுக் கணினிக்கு யூபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புதியது என்று சொல்லி, பழைய பேட்டரி போட்ட யூபிஎஸ் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

"600 விஏ சார், அரை மணி நேரம் தாராளமா ஓடும்" என்றார் கடைக்காரர். வாங்கிய புதிதில் கரண்ட் போகவே இல்லை, அதனால் எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஒரு மாலை மின்தடை வந்தது. யூபிஎஸ் ஒருமுறை கத்தியது, உடனே கணினியும் அணைந்துவிட்டது. அந்த நேரம் ஹார்டு டிஸ்கில் குடும்பப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதிப் படங்கள் இன்றுவரை திறக்கவில்லை.

கடையில் கேட்டால், "உங்க வீட்டு லோடு அதிகம்" என்றார்கள். ஒரு கணினி, ஒரு மானிட்டர், அவ்வளவுதான் மாட்டியிருந்தேன். வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து பார்த்தோம். பேட்டரியில் அச்சிட்டிருந்த தேதி, யூபிஎஸ் பெட்டியில் இருந்த தேதியைவிடப் பல ஆண்டுகள் பழையது. அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார்கள். திரும்பப் போய்க் காட்டினால், "சீலை உடைச்சிட்டீங்க, வாரண்டி கிடையாது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

இந்த ஈய அமில பேட்டரிகள் சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றாமல் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய திறன் வராது. நல்ல பேட்டரியே பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள்தான் உழைக்கும், சூடான அறையில் இன்னும் குறைவு.

அரை மணி நேரம் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். இந்த அளவு யூபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். அதாவது 84 வாட்-மணி. 200 வாட் இழுக்கும் கணினிக்குக் கணக்குப்படியே 25 நிமிடம்தான் வரும். வேகமாக இழுத்தால் பேட்டரி முழுத்திறனைத் தராது என்பதால் நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. வேலையைச் சேமித்துவிட்டு அணைக்க அது போதும். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்பதும் வாட் கணக்கு அல்ல, பல மாடல்களில் அது 360 வாட்தான்.

எனவே கடையிலேயே திறந்து பேட்டரித் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜ் ஏற்றி, ஒரு கணினியை மாட்டி, ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரிக்குத் தனி வாரண்டி உண்டா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் இடமென்றால் ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் வசதி) உள்ள யூபிஎஸ் கேளுங்கள். ஸ்பைக் பஸ்டர் போதும் என்பார்கள். திடீரென எகிறும் மின்னழுத்தத்தை மட்டும்தான் அது தடுக்கும், குறைந்த வோல்டேஜை உயர்த்தாது.

தயாரிப்பு நிறுவனத்துக்குப் பேட்டரியின் படத்தோடு புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை பில்லையும் அந்தப் பேட்டரியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.