ட்ரூமன் உதவித்தொகை: ஒரு தந்தையின் மதிப்புரை

அமெரிக்கக் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு படிப்பவர்களுள், அரசுப் பணியிலோ மக்கள் உரிமைக்காக வாதாடும் தொண்டமைப்புகளிலோ சேர விரும்புவோருக்கு, மேற்படிப்புக்காக 30,000 டாலர் வரை வழங்கும் ட்ரூமன் உதவித்தொகைக்கு என் மகள் விண்ணப்பித்தாள். கல்லூரிப் பட்டம் பெறாமலே அதிபரான ஹாரி ட்ரூமனின் நினைவாக இதை ஏற்படுத்த, 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

தொகையை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே. பெயர்பெற்ற சட்டக் கல்லூரிகளில் ஓராண்டுக் கட்டணத்தில் பாதிக்குக்கூட இது எட்டாது. மேற்படிப்பு முடிந்த ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று ஆண்டுகள் பொதுச்சேவையில் பணியாற்றத் தவறினால், பெற்ற பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

இதன் உண்மையான மதிப்பு விண்ணப்பத்தில் கேட்கப்படும் கொள்கை முன்மொழிவில் இருக்கிறது. பொதுவான இலட்சியக் கட்டுரை அங்கே எடுபடாது. அதிகாரம் உள்ள ஓர் அரசு அலுவலரைப் பெயர் சொல்லி விளித்து, சிக்கல் என்ன, தீர்வு என்ன, அதற்கு வரக்கூடிய தடைகள் எவை என்று சுருக்கமாக எழுத வேண்டும். பேருந்துக் கட்டணத்தையே ஒழிக்கக் கோரி மாநில ஆளுநருக்கு எழுதத் தொடங்கிய என் மகள், நான்கு வரைவுகளைக் கிழித்துப் போட்ட பிறகு, எங்கள் ஊர் மருத்துவமனையில் இரவு பதினொரு மணிக்கு வேலை முடியும் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கடைசிப் பேருந்து 10.40-க்கே போய்விடுகிறது என்ற ஒரே செய்தியில் வந்து நின்றாள். முகவரியும் ஆளுநரிடமிருந்து உள்ளூர்ப் போக்குவரத்துத் துறை இயக்குநருக்கு மாறியது. தடைகளுக்கான பகுதி மட்டும் மூன்று இரவுகள் வெற்றாகவே கிடந்தது. ஓட்டுநர் சங்கத்தின் கூடுதல் நேர ஊதிய ஒப்பந்தத்தைப் படித்த பிறகே அதில் எழுத முடிந்தது. நேர்காணலிலும் அந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் துருவிக் கேட்டார்களாம். அவள் தேர்வாகவில்லை. ஆனாலும் அந்தத் தாளை உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

கட்சிச் சார்பு இருக்குமோ என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். குடியரசுக் கட்சி அதிபர் டிரம்ப் நியமித்த உச்ச நீதிமன்ற நீதிபதி நீல் கோர்சச்சும், ஜார்ஜியாவில் வாக்குரிமைக்காகப் போராடிய ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஆப்ரம்ஸும் இதே உதவித்தொகையைப் பெற்றவர்கள் என்பதே அவர்களுக்கு என் பதில்.

குறைகளும் உண்டு. குடியுரிமை உள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்பதால், கிரீன் கார்டுக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, இதே ஊரில் வளர்ந்திருந்தாலும், கதவு அடைபட்டே இருக்கிறது. மேலும், மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. கல்லூரிதான் பரிந்துரைக்க வேண்டும், அதுவும் வழக்கமாக நான்கு பேரை மட்டுமே. எங்கள் மகளின் கல்லூரி உள்தேர்வுக்கான கடைசி நாளை ஒரேயொரு மின்னஞ்சலில் சொல்லிவிட்டு ஓய்ந்தது. தோழி ஒருத்தி தற்செயலாகக் கேட்டிராவிட்டால் அதுவும் கைநழுவியிருக்கும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். இறுதிக் கெடு பிப்ரவரித் தொடக்கம் என்றாலும் உள்தேர்வு பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடுவதால், இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையிலேயே கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு நேரில் போய்த் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.