ஒளிர்வுத் தணிப்பா, லேசர் ஃபிளாஷா?

ஒளியை வாங்கிய ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் தாவியதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. ஒளிர்வுத் தணிப்பு, அதாவது ஒளிர்வு மங்குவதை அளப்பது, எளிது. ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடின் கரைசலில், எலக்ட்ரானை வாங்கும் மெத்தில் வயலோஜனைச் சேர்க்கச் சேர்க்க ஆரஞ்சு ஒளி மங்கும். எத்தனை மடங்கு மங்கியது என்பதை வயலோஜனின் செறிவுக்கு எதிராக வரைந்தால் வரும் ஸ்டெர்ன்-வோல்மர் கோட்டின் சாய்வையும் ஒளிர்வின் ஆயுளையும் வைத்து வேக மாறிலியைக் கணக்கிடலாம். (ஆக்சிஜனை வெளியேற்ற மறந்தால் அதுவும் ஒளியைத் தின்றுவிடும்!) ஆனால் மங்கியது எலக்ட்ரான் தாவியதாலா, ஆற்றல் கைமாறியதாலா என்று அது சொல்லாது.

லேசர் ஃபிளாஷ் ஃபோட்டாலிசிஸில், அதாவது குறுகிய லேசர் துடிப்பை அடித்துவிட்டு ஒளி உறிஞ்சல் மாறுவதைப் பார்க்கும் முறையில், எலக்ட்ரானை வாங்கிய வயலோஜன் நீலமாகி, 605 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதே தெரியும். எலக்ட்ரான் திரும்பிப் போவதையும் பார்க்கலாம். கருவிதான் விலை அதிகம். வழிமுறையைப் பற்றி வாதிட இது இல்லாமல் நான் துணியமாட்டேன்.

1970இல் ரேம், வெல்லர் செய்த தணிப்பு அளவீடுகளில் எலக்ட்ரான் தாவல் கோட்பாட்டில் மார்கஸ் சொன்ன தலைகீழ்ப் பகுதி (வினையின் உந்துவிசை மிக அதிகமானால் வேகம் குறைவது) தென்படவில்லை. மூலக்கூறுகள் கரைசலில் விரவிச் சந்திக்கும் வேகமே உச்சவரம்பாக நின்றது.